கம்பெனி கேட்டில் என் போன்

மார்ச் 17, திங்கள்

வெயில் இப்பவே மண்டையை பொளக்குது. ஏப்ரலே இன்னும் வரல. ஸ்டடி லீவு மொத நாள்.

படிச்சது: காஸ்ட் அக்கவுண்டிங், மொத யூனிட், ரெண்டரை பக்கம்.
பாத்தது: போன்ல 6 ம. 40 நி. போனே கணக்கு சொல்லுது, வெக்கமில்லாம.

அவ்ளோ நேரத்துல இன்னா பாத்தேன்னு யோசிச்சேன். ஒரு பொம்பள வெங்காயம் அரிஞ்சா. ஒரு நாய் சோபாலேர்ந்து உழுந்துச்சு. எவளோ ஒருத்தியோட வளைகாப்பு, கடைசி வளையல் போடற வரைக்கும் முழுசா. அவ யாருன்னே தெரியாது. எம்மேலயே காறித் துப்பணும் போல இருக்கு.

மறக்காம இருக்க எழுதி வெக்கறேன்.
1. சென்னை வேலை. கேம்பஸ் இன்டர்வியூல கெடைச்சது. ஜூன்ல சேரணும். ஒரு பேப்பர் நின்னாலும் ஆஃபர் கேன்சல்னு லெட்டர்லயே போட்டிருக்கான்.
2. காஸ்டிங் அரியர். போன தடவை 31. இந்த தடவை போச்சுன்னா போச்சு.
3. புராஜெக்ட் வைவா. அது சும்மா. போய் நின்னா பாஸ்.
4. இதெல்லாம் நடக்கலன்னா அம்மா பக்கத்துல இன்னொரு தையல் மெஷின்.

அம்மா பதினோரு வருஷமா ஷூ கம்பெனில, ஸ்டிச்சிங் லைன். "நீ மட்டும் இங்க வந்துடாதடி ஜெபா"ன்றதை வீட்ல ஜெபம் பண்ணும்போது கூட சேத்துக்குது. லைன்ல இருக்கற எல்லார்கிட்டயும் சென்னை வேலைய சொல்லி வெச்சிருக்குது வேற.

மார்ச் 18, செவ்வாய்

போனை ஒளிச்சு வெச்ச எடம்: அரிசி டப்பா. பீரோ மேல. அம்மாவோட கல்யாணப் பொடவை மடிப்புக்குள்ள. எல்லாத்துலேர்ந்தும் நானே எடுத்துட்டேன். பூட்டு போடற ஆப் ஒண்ணு எறக்கினேன். பாஸ்வேர்டு வெச்சவ நான். தொறந்தவளும் நான். 5 ம. 55 நி.

இத்தனைக்கும் என் புராஜெக்ட் தலைப்பு "கல்லூரி மாணவர்களின் ஸ்மார்ட்போன் பயன்பாடும் நேர மேலாண்மையும், வேலூர் நகரை முன்வைத்து". எச்.ஓ.டி. குடுத்தது. அறுபது பேர்கிட்ட கேள்வித்தாள் குடுத்து பதில் வாங்கணும். அந்த கேள்வியையும் வாட்ஸப்லதான் அனுப்பினேன். அதை பாக்கப் போன நேரத்துலதான் பாதி ரீல்ஸ் பாத்தேன்.

பிப்ரவரில இதே எச்.ஓ.டி. ஒருத்தரை கூட்டிட்டு வந்து போன் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தினார். எல்லாரும் கைய நீட்டி உறுதிமொழி எடுத்தோம். முடிஞ்சதும் மைக்ல, "போட்டோ குரூப்ல போட்டாச்சு, எல்லாரும் ஸ்டேட்டஸ் வைங்க"ன்னார். வெச்சோம்.

சாயந்தரம் ஒரு ஐடியா. அம்மா கம்பெனில காலைல எட்டரைக்கு கேட்டுலயே போனை வாங்கிடுவாங்க. ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையரோட டிசைனை எவனும் போட்டோ எடுத்துடக் கூடாதாம். ஆளுக்கு ஒரு துணிப்பை, ஒரு டோக்கன். செக்யூரிட்டி ரூம்ல ஆணில மாட்டி வெச்சா சாயந்தரம் அஞ்சரைக்குதான் கைக்கு வரும். மதியம் சாப்பாட்டுக்கு கூட குடுக்க மாட்டாங்க. அம்மா பதினோரு வருஷமா பகல்ல போன் இல்லாம உயிரோடதான் இருக்குது.

"என் போனையும் எடுத்துட்டு போம்மா."
"இன்னாத்துக்கு?"
"பூட்டி வெக்கதான். வீட்ல இருந்தா எடுத்துடறேன்."
"அவசரம்னா இன்னாடி பண்ணுவ?"
"எனக்கு இன்னா அவசரம் வரப்போவுது?"

அம்மாக்கு இஷ்டமே இல்ல. வயசுப் பொண்ணு தனியா வீட்ல, போன் இல்லாம. நான்தான் கெஞ்சினேன். ஐடியா என்னுது. இதை தெளிவா எழுதி வெக்கறேன்.

மார்ச் 19, புதன்

7.40க்கு கம்பெனி வேன். அம்மாவோட ஹேண்ட்பேக்ல ரெண்டு போன். வேன் திரும்பற வரைக்கும் பாத்துகினு நின்னேன்.

காலைல பத்து மணி வரைக்கும் பேஜார். கை தானா தலைகாணி அடியில போவுது. ஒண்ணுமில்லாத எடத்தை தடவிட்டு திரும்பி வருது. பதினோரு மணிக்கு வீட்டை பெருக்கினேன். பன்னெண்டுக்கு மறுபடி பெருக்கினேன். ரெண்டு மணிக்கு மேலதான் உக்காந்தேன். யூனிட் 1 முடிஞ்சுது.

செக்யூரிட்டி அண்ணன் அம்மாகிட்ட, "ஒரு ஆளுக்கு ஒரு போன்தாம்மா"ன்னாராம். அம்மா விஷயத்தை சொன்னதும் சிரிச்சுட்டு, ரெண்டையும் ஒரே பையில போட்டு வெச்சுக்கினாராம்.

மார்ச் 21, வெள்ளி

யூனிட் 2, பாதி 3. ஓவர்ஹெட் கணக்கு இப்ப கையில வருது. ஸ்கிரீன் டைம் 50 நி. எனக்கே நம்பிக்கை வரல.

லைன்ல இருக்கற பேபி அக்கா அம்மாகிட்ட கதைய கேட்டுட்டு, பன்னெண்டாவது படிக்கிற தன் பையன் போனையும் கொண்டாந்து மாட்டிடுச்சாம். இன்னும் ரெண்டு பேரும் அப்படியே. செக்யூரிட்டி அண்ணன், "நான் இங்க கேட்டை பாக்கறதா, இல்ல உங்க புள்ளைங்களுக்கு ஹாஸ்டல் வார்டனா?"ன்னு தலையில அடிச்சுக்கினாராம். அம்மா சொல்லி சொல்லி சிரிச்சுது. ரொம்ப நாள் கழிச்சு அப்படி சிரிச்சு பாக்கறேன்.

மார்ச் 23, ஞாயிறு

சர்ச். ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து நாள்ன்றதால சர்ச் ஐயரு எதையாவது விட்டுக் குடுக்கணும்னு பிரசங்கம். அம்மா மெதுவா என் முழங்கையை இடிச்சு, "நீதான் போனை குடுத்துட்டியே"ன்னுச்சு. பெருமை.

குரூப்ல வைவா தேதி. ரோல் நம்பர் 1லேர்ந்து 30 வரைக்கும் புதன். 31லேர்ந்து வியாழன், பத்து மணிக்கு. நான் 38. என் பிரெண்டு ஷபானா 46. ரெண்டு பேரும் வியாழக்கெழமை ஒண்ணா ட்ரெயின்ல போறதுன்னு பேச்சு. அவளுக்கு நோன்பு நேரம், பஸ்ல நின்னுகினு வந்தா தலை சுத்துதாம்.

புதன் வரைக்கும் போன் கம்பெனிக்கு போவும். வியாழன் எங்கிட்ட இருக்கும். பிளான் சரியாதான் இருக்கு.

மார்ச் 26, புதன்

நடந்த வரிசையிலயே எழுதறேன்.

இன்னிக்கு மாதிரி நான் என்னிக்குமே படிச்சதில்ல. ப்ராசஸ் காஸ்டிங் அத்தனை கணக்கும் போட்டேன். பதினாலு. எல்லாம் டேலி ஆச்சு. மூணு மணிக்கு எனக்கு நானே டீ போட்டு குடிச்சேன். நல்லா இருந்துச்சு.

ஆறு மணிக்கு அம்மா வந்துச்சு. மூஞ்சி சரியில்ல. "உன் போன்ல இன்னாமோ நெறைய வந்திருக்குதுடி, என் போன்ல கூட ஷபானா பேர் வருது"ன்னு நீட்டுச்சு.

காலை 9.50க்கு குரூப்ல எச்.ஓ.டி. போட்டது: வெளியிலேர்ந்து வந்த எக்ஸ்டர்னல் சாருக்கு நாளைக்கு வேற காலேஜ்ல வேலை, அதனால எல்லா நம்பருக்கும் இன்னிக்கே வைவா, ஒரு மணிக்குள்ள வரணும், வராதவங்க ஆப்சென்ட். கீழ எல்லாரும் கட்டை வெரல் போட்டிருக்காங்க. நாப்பத்தேழு கட்டை வெரல்.

எனக்கு மிஸ்டு கால் 23. அதுல ஷபானா 11. அம்மா போனுக்கு அவ அடிச்சது 9. ரெண்டு போனும் ஒரே பையில, ஒரே ஆணில. என்னை புடிக்க முடியலன்னா அம்மாவை புடிக்கணும், அம்மாவை புடிக்க முடியலன்னா என்னை புடிக்கணும். ரெண்டு வழியையும் ஒண்ணா மூட்டை கட்டி நானே அனுப்பி வெச்சிருக்கேன்.

சாயந்தரம் பையை குடுக்கும்போது செக்யூரிட்டி அண்ணன் அம்மாகிட்ட சொன்னாராம்: "காலைலேர்ந்து உன் பை துள்ளிகினே இருந்துச்சும்மா. லைன்ல போய் கூப்படலாம்னு பாத்தேன். ரூல் இல்லையே."

ஷபானாவை கூப்ட்டேன். அழுதா. அவ ஆம்பூர் ஸ்டேஷன்ல நின்னுதான் அத்தனை தடவை அடிச்சிருக்கா. எங்க வீடு அங்கேர்ந்து ஆட்டோவுல அஞ்சு நிமிஷம்.

"வீட்டுக்கு வந்திருக்கலாம் இல்ல?"
"ட்ரெயின் வந்துடுச்சுடி. நீ எடுப்ப எடுப்பன்னு அடிச்சுகினே இருந்தேன். வரணும்னு தோணவே இல்ல, அல்லா சத்தியமா."

கட் பண்ணிட்டேன். கோவம் தாங்கல. அப்புறம் நெனச்சேன், அவ எடத்துல நான் இருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? நானும் போன்தான் அடிச்சிருப்பேன். நடந்து போய் ஒரு கதவை தட்டணும்னு எங்க யாருக்குமே இப்ப தோணறதில்ல.

வைவா ஆப்சென்ட்னா மறுபடி ஜூனியரோடதான். அடுத்த வருஷம். சென்னை போச்சு.

அம்மா சாப்பிடல. "நான் எடுத்துட்டு போயிருக்கக் கூடாது"ன்னு ரெண்டு தடவை சொல்லுச்சு. நான் தட்டை மூடி வெச்சேன்.

மார்ச் 27, வியாழன்

தனியா காலேஜ். 8.15 பஸ். பள்ளிகொண்டா வரைக்கும் நின்னுகினு.

டிபார்ட்மென்ட்ல எச்.ஓ.டி. காப்பி குடிச்சுட்டு இருந்தார். முன்னாடி மூணு பேர் வேற எதுக்கோ வரிசையில. எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் கேட்டார்.

"குரூப் பாக்கலையா?"
"போன் கையில இல்ல சார். படிக்கறதுக்காக..."
"ரீல்ஸ் பாக்க இருந்துச்சு, வைவாக்கு இல்லையா?"

மூணு பேரும் சிரிச்சாங்க. நான் சும்மா இருந்திருக்கணும். வாய் நிக்கல. "நோட்டீஸ் போர்டுல போட்டீங்களா சார்?"ன்னு கேட்டேன்.

காப்பி டம்ளரை கீழ வெச்சுட்டார். "யாரும்மா இப்ப நோட்டீஸ் போர்டு பாக்கறாங்க? நாங்க அனுப்ப வேண்டியதை அனுப்பிட்டோம். நீ ஆன்லைன்ல இல்லாதது எங்க தப்பா?"

வர்ற வழியில போய் பாத்தேன். நோட்டீஸ் போர்டுல கண்ணாடிக்கு உள்ள ஒரே ஒரு பேப்பர். பிப்ரவரி உறுதிமொழி. கைபேசியைக் குறைப்போம், காலத்தை வெல்வோம். எச்.ஓ.டி. கையெழுத்து. அந்த கண்ணாடியை ஒடைக்கணும்னு வந்துச்சு. பூட்டு மட்டும் ஆட்டிப் பாத்தேன்.

நாலு மணிக்கு அவரே போன்ல கூப்ட்டார். எக்ஸ்டர்னல் நல்ல மனுஷராம், வேணும்னா வீடியோ கால்ல கேட்டுக்கறேன்னாராம். ஆனா எக்ஸாம் கன்ட்ரோலர் ஆபீஸுக்கு காரணம் காட்டணும். "நாளைக்கு பேரன்ட்டை கூட்டிட்டு வா, பாக்கலாம்."

அப்பா வேலைக்கு ஓசூர்ல. பத்து நாளைக்கு வர மாட்டார். அம்மாதான் லீவு போடணும். லைன்ல ஆள் கம்மி, சூப்பர்வைசர் கத்துவா. கத்தட்டும்னுச்சு அம்மா.

மார்ச் 28, வெள்ளி

அம்மா கிறிஸ்மஸ் பொடவை கட்டிகினு வந்துச்சு. தலைக்கு பூ கூட. ஏதோ விசேஷத்துக்கு போற மாதிரி.

எச்.ஓ.டி. உக்காருங்கன்னு சொல்லல. நின்னோம்.

"உங்க பொண்ணு நாள் பூரா போனும் கையுமா இருந்தவங்க. முக்கியமான அன்னிக்கு மட்டும் போனே இல்லன்றாங்க. இதை நான் கன்ட்ரோலர்கிட்ட எப்படிம்மா சொல்றது? நம்பற மாதிரி இருக்கா?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்ல. நேரா அவரை பாத்து, "நான்தான் சார் புடுங்கி வெச்சேன்"ன்னுச்சு.

நான் வாயை தொறந்தேன். ஐடியா என்னுது, நான்தான் கெஞ்சினேன், அம்மா வேணாம்னுதான் சொல்லுச்சுன்னு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. எச்.ஓ.டி. மூஞ்சியை பாத்தேன். அதுல ஒரு வெளிச்சம். வாயை மூடிக்கினேன்.

"அப்படி சொல்லுங்க. இது பேரன்ட் சைடு மிஸ்டேக். அப்படியே ஒரு லெட்டரா குடுத்துடுங்க. டிபார்ட்மென்ட் மேலயும் வராது, பொண்ணுக்கும் கருணை காட்டலாம்."

பேப்பர் அவரே குடுத்தார். இங்கிலீஷ்ல அவர் சொல்ல சொல்ல நான் எழுதினேன். தமிழ்ல இது:

"ஐயா, நான் எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளி. கைபேசியின் அவசியம் புரியாமல், என் அறியாமையால், அதை என் மகளிடமிருந்து பறித்துப் பூட்டி வைத்துவிட்டேன். என் தவறுக்காக என் மகளைத் தண்டிக்க வேண்டாம்."

எழுதப் படிக்கத் தெரியாத. அந்த எடத்துல பேனா நின்னுச்சு. "என்னம்மா, ஸ்பெல்லிங் வரலையா?"ன்னார். வரும் சார்னு எழுதினேன்.

அம்மா பத்தாவது பாஸ். கணக்குல 82. ஷூ சைஸ், ஆர்ட்டிகிள் நம்பர், புரொடக்‌ஷன் ஷீட் எல்லாம் இங்கிலீஷ்லதான் எழுதி குடுக்குது தெனமும். முழு வரியா வந்தாதான் படிக்க வராது, கேட்டாலும் புரியாது. அந்த ஒரு கொறை எனக்கு இன்னிக்கு வசதியா போச்சு.

"கையெழுத்து போடுவீங்களா, இல்ல..."ன்னு மேஜை மேல இங்க் பேடை தேடினார். அம்மா பேனாவை வாங்கி, இங்கிலீஷ்ல எஸ்தர்னு போட்டு, கீழ ஒரு கோடு இழுத்துச்சு. அந்த லெட்டருக்கு கீழ அந்த கையெழுத்து. அவர் பாத்தார். வைவா நாளைக்கு பதினொண்ணரைன்னார்.

அம்மா தயங்கி தயங்கி, "சார், ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"ன்னுச்சு. தாராளமான்னார். மேஜை மேல நேரா வெச்சு எடுத்து, வெரலால பெருசு பண்ணி பாத்து, திருப்தியா பைக்குள்ள போட்டுகினுச்சு.

பஸ்ல ஜன்னல் சீட்டு எனக்கு குடுத்துச்சு.

"சரியா சொன்னனாடி? அந்த நேரத்துக்கு வாய்ல வந்துச்சு."
"ம்."
"லெட்டர்ல இன்னா எழுதின?"
"லீவ் லெட்டர் மாதிரிதான்மா. மன்னிப்பு கேட்டு."
"என் கையெழுத்து போட்டு காலேஜ் வரைக்கும் போற லெட்டர் இதான் மொத. பிரியா மேடம்கிட்ட காட்டப் போறேன். குவாலிட்டி பாக்கற க்யூ.சி. மேடம், எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சது. நாளைக்கு சாயந்தரம் கேட்டுல போன் வாங்கினதும் காட்டி, படிச்சு சொல்ல சொல்றேன். என் பொண்ணு இங்கிலீஷை அதுவும் பாக்கட்டும்."

தப்பு நடந்ததுக்கு எழுதின லெட்டர்னாலும் பெருமைதான் அதுக்கு. மாதனூர் தாண்டற வரைக்கும் நான் வெளியவே பாத்துகினு வந்தேன். சொல்லிடலாம்னு நாலு தடவை திரும்பினேன். சொல்லல. நான் ஒரு கேவலமான ஜென்மம். இதை வேற யார்கிட்டயும் சொல்லவும் முடியாது.

மார்ச் 29, சனி

காலைல அம்மா குளிக்கப் போன நேரம் அதோட போனை எடுத்தேன். பேட்டர்ன் எனக்கு தெரியும். போட்டோ அவ்ளோ தெளிவு. நாலு மூலையும் உள்ள, ஆட்டம் இல்ல, ஒரு எழுத்து மங்கல. அழிச்சேன். அழிச்சது போய் விழற குப்பை ஃபோல்டர்லேர்ந்தும் அழிச்சேன். தண்ணி சத்தம் நிக்கறதுக்குள்ள எடத்துல வெச்சுட்டேன்.

வைவா எச்.ஓ.டி. போன்ல. அவர் புடிச்சுக்கினார், நான் எதிர்ல நின்னேன். எக்ஸ்டர்னல் கார்ல போய்கினு இருந்தார், நடுநடுவுல சிக்னல் போச்சு.

"உங்க ஆய்வுல முக்கியமான பரிந்துரை என்ன?"
"படிக்கிற நேரத்துல போனை கைக்கு எட்டாத எடத்துல வெக்கணும் சார்."
"வெரி குட். ப்ராக்டிகலா இருக்கு."

எச்.ஓ.டி.யும் தலையாட்டினார். அவ்ளோதான். நாலு நிமிஷம். பாஸ். வெளிய வந்து ஷபானாவுக்கு மெசேஜ் போட்டேன். அவ ஒரு இதயம் அனுப்பினா. நானும் ஒண்ணு அனுப்பினேன்.

பேபி அக்கா, பையன் போனை வீட்லயே விட்டுட்டு வருதாம் வியாழக்கெழமைலேர்ந்து. கேட்டுல இப்ப பழையபடி ஆளுக்கு ஒரு போன்.

ஆறு பத்துக்கு அம்மா வந்துச்சு.

"பாஸாடி?"
"பாஸ்மா."

கன்னத்தை தடவிச்சு. வெரல்ல லெதர் பசை வாடை. கண்ணு கலங்கி, செவுத்துல இருக்கற வசனத்தை பாத்து ஸ்தோத்திரம்னுச்சு. அப்புறம் பையை எறக்கி வெச்சுட்டு போனை எடுத்துச்சு.

"அந்த லெட்டர் போட்டோவை காணோம்டி. பிரியா மேடம் எனக்காக கேட்டாண்ட நின்னுகினு இருந்துச்சு. ஒண்ணொண்ணா தள்ளிப் பாத்தேன். இல்லவே இல்ல."
"சேவ் ஆகியிருக்காது. நீ சரியா அமுக்கியிருக்க மாட்ட."
"அமுக்கினனேடி. பெருசு பண்ணி கூட பாத்தேன்."
"உனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. விடு."

அம்மா இன்னொரு தடவை தள்ளிப் பாத்துட்டு போனை பைக்குள்ள போட்டுச்சு.

"இருக்கும்"னுச்சு. "எனக்கு இன்னா தெரியுது, இந்த போனைப் பத்தி."